செவிக்கு வேலியா?

பகிர்ந்தால் குறைகின்ற பொருள் உண்டு. பகிர்ந்தாலும் குறையாத பொருளும் உண்டு. பானைச் சோற்றைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு பிடி. பையில் உள்ள பணத்தைப் பகிர்ந்து கொடுத்தால் பை இளைக்கும். பாட்டு அப்படியா? ஒருவன் கேட்டு மகிழ்ந்த பாட்டை ஒன்பது பேர் உடனிருந்து கேட்டால், முதலில் கேட்டவன் பெற்ற இன்பத்தில் ஒரு துளியேனும் குறைந்துவிடுகிறதா? இல்லை, கூடுகிறது என்றுதான் கேட்டவர் சொல்வர். தனியே கேட்டபோது தவறவிட்ட நெளிவும் குழைவும், அருகிலிருப்பவன் தலையசைக்கும்போது நம் செவியில் வந்து விழுகின்றன.

ஆகவே, கேட்டு மகிழ்ந்த இசையைப் பிறர்க்கும் தருவது எளிய அறம் என்று எண்ணத் தோன்றும். தருபவனுக்கு இழப்பில்லை, பெறுபவனுக்கு இன்பம் உண்டு. இதைவிட எளிய ஈகை இருக்க முடியுமா?

இருக்க முடியாதுதான். ஆனால், எளிது என்று எண்ணி இறங்கும் ஆற்றிலேதான் சுழி இருக்கும், தோழர்களே! இந்த நாட்டில் சோற்றைக்கூட நாம் சும்மா போட்டதில்லை. உட்காரும் வரிசையில் உயர்வு தாழ்வு பார்த்தோம். கூடத்துக்கு ஒரு பந்தி, கொல்லைப்புறத்துக்கு ஒரு பந்தி என்று பிரித்தோம். அரிசி களைந்து, உலை வைத்து, புகையிலே கண் கசங்கச் சமைத்தவள் பெயரை மறந்தோம். பரிமாறியவனைப் பாராட்டி ஏப்பம் விட்டோம். சோற்றிலே செய்த இந்த இரண்டு பிழைகளை இசையிலும் செய்கிறோமா? பெறுகின்றவனை எப்படி நடத்துகிறோம்? படைத்தவரை எங்கே நிறுத்துகிறோம்? இசைப்பதிவுகளைப் பகிர்ந்து கேட்டுப் பேசி மகிழும் நண்பர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

இசை என்று இங்கே நான் சொல்வது, இராகம், தாளம் என்று இலக்கணம் வகுத்துக்கொண்டு, பல தலைமுறைப் பயிற்சியால் வளர்ந்து நிற்கும் மேடை இசையை. திரைப்பாட்டைக் கேட்க யாரும் யாரிடமும் தகுதிச் சான்று கேட்பதில்லை. மேடை இசைக்குத்தான் கேட்கிறார்கள்!

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். பனியன் ஊருக்கும் பண்ணிசைக்கும் என்ன உறவு என்பர். தஞ்சையிலே கேட்க வேண்டியதை, மயிலாப்பூரிலே பேச வேண்டியதை, ஓவர்லாக் எந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவிலா பேசுவது என்பர். இசைக்கு இன்ன ஊர், இன்ன தெரு, இன்னாரே உரியர் என்ற பழைய பட்டயம் ஒன்று அந்த ஏளனத்துக்குள்ளே ஒளிந்துகிடக்கிறது. அந்தப் பட்டயத்தைக் கிழித்தெறிந்த கருவி எது தெரியுமா? வாளும் அன்று, வேலும் அன்று. கறுப்பு நிறத்தில் வட்டமாக இருந்து, ஊசி பட்டால் முதலில் கரகரத்து, பிறகு பாடத் தொடங்கிய அரக்குத் தட்டு!

1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கிராமபோன் நிறுவனத்துக்காகக் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கினார். அன்று ஒலிவாங்கி இல்லை. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயருகே முகத்தை வைத்து, உரக்கப் பாட வேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் இசை பிடிக்காது. ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிய பெரிய வித்துவான்கள் பலர் தயங்கி நின்றனர். குரல் போய்விடும் என்று அஞ்சியவர் உண்டு. எவன் வீட்டிலோ எவனோ தம் பாட்டைக் கேட்பதா என்று முகம் சுளித்தவரும் உண்டு. அஞ்சாது முன்வந்தவர் யார்? பெரும்பாலும் பெண்கள். பாட்டுக்கு அழைத்துப் பந்திக்கு அழைக்காத சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்களிலே பிறந்த பெண்கள். வடக்கே கௌஹர் ஜான். தெற்கே சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி.

கோயம்புத்தூர் தாயி! இந்தப் பெயரைக் கொங்கு நாட்டு இளைஞர் எத்தனை பேர் கேட்டிருப்பர்? 1872இல் பிறந்தவர், இயற்பெயர் பழனிகுஞ்சரம், 1917இல் மறைந்தவர். 2009இல் தனி மாவட்டமாகும் வரையில் நம் திருப்பூரும் கோவை மாவட்டத்து ஊர்தானே; அந்த வகையில் நம் மாவட்டத்துப் பெயர் தாங்கியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இசைத்தட்டுகளில் பதித்தார். அவற்றில் ஒன்று வள்ளலாரின் அருட்பா. அந்தத் தட்டு கடல் கடந்தது. பிரான்சு நாட்டு இசையமைப்பாளர் மோரீஸ் தெலாஜ் அதைக் கேட்டார். இவர் ராவெல் என்ற பேரிசைஞரிடம் பயின்றவர். 1912ஐ ஒட்டி இந்தியாவுக்கும் வந்து சென்றவர். தாயியின் பாட்டை ஏறத்தாழ அப்படியே பின்பற்றிப் பியானோவுக்கு ஓர் ஆக்கம் செய்தார். அதற்கு 'இராகமாலிகை' என்றே பெயரிட்டார். நம் முழவின் அடங்கிய ஒலியை மேலைநாட்டுக் கருவியில் எப்படிப் பிறப்பிப்பது? பியானோவின் தந்தி ஒன்றின் அடியில் அட்டைத் துண்டைச் செருகி வாசிக்குமாறு குறிப்பு எழுதினார்!

எண்ணிப் பாருங்கள். பாடியவர் கோயம்புத்தூர்க்காரர். பாட்டு தமிழ்ப்பாட்டு. கேட்டவருக்குத் தமிழ் தாய்மொழி அன்று. நம் இசையிலே அவர் பயிற்சி பெற்று வளர்ந்தவரும் அல்லர். ஆயினும், அந்தக் குரல் அவரை ஆண்டுக்கணக்கில் விடவில்லை. பாரிசுக்குப் போன குரல் பக்கத்துத் தெருவுக்குப் போகக் கூடாது என்று யார் சொல்ல முடியும்?

சொன்னார்கள்! மேடையைப் பொறுத்தவரையில் சொல்லத்தான் செய்தார்கள். தாயி தமிழிலே பாடிய தட்டு வந்து ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்த பிறகும், தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப்பாட்டு வேண்டும் என்று 1941இல் சிதம்பரத்தில் மாநாடு கூட்ட வேண்டியிருந்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. 1946இல் திருவையாற்றிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினார் என்பதற்காக, மேடை தீட்டுப்பட்டது என்ற பேச்சு எழுந்தது. காவிரி ஓடுகின்ற ஊரிலே, கழுவித் தீராத தீட்டாம்!

மேடைக்குத் தீட்டு உண்டு என்றார்கள். தட்டுக்குத் தீட்டு என்று ஒன்றைக் கற்பிக்க அவர்களால் முடியவில்லை. தட்டு யார் தொட்டாலும் பாடியது. சாவி முடுக்கியவன் கை எந்தக் குலத்துக் கை என்று அது கேட்கவில்லை. வறுமையிலே வாடிக் கொடுமுடியிலிருந்து கிளம்பிய கே. பி. சுந்தராம்பாளின் குரலைத் தட்டுதான் சந்தைக்கடைக்கும் சாவடிக்கும் கொண்டுபோயிற்று. நாடகத்திலும் திரையிலும் இசைத்தட்டிலும் புகழ் பெற்ற அந்த அம்மையார் 1958இல் சென்னை மேலவையிலும் அமர்ந்தார். பாடகர் மேடையிலே அமர்ந்திருக்க, நாதசுரக்காரர் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, மேடையேறி உட்கார்ந்து வாசித்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அந்த மாமேதையின் தோடி, கோயில் வீதிக்கு வர இயலாதவர் வீட்டுக்குள்ளும் தட்டின் வழியே சென்றது. பிறகு வானொலி வந்தது. சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் நிலையங்கள் எழுந்தன. ஒலிநாடா வந்தது. இன்று, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் இசைக்களஞ்சியமே இருக்கிறது. கைப்பேசியைத் தொட்டால் நூறாண்டுக்கு முன் பாடியவரும் நேற்றுப் பாடியவரும் வரிசையில் வந்து நிற்கின்றனர்.

கதவு திறந்துவிட்டது. கல்வேலி இடிந்துவிட்டது. இனி என்ன குறை?

குறை இருக்கிறது. கோயில் வாயிலில் இருந்த வேலியைப் பிடுங்கியெடுத்துச் செவி வாயிலில் நட்டிருக்கிறோம்.

திருப்பூரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடுவது வழக்கம். ஆளுக்கு ஒரு பதிவைக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்து, கேட்டுப் பேசி மகிழ்வர். நல்ல பழக்கம், போற்ற வேண்டிய பழக்கம். அங்கே ஒருநாள் பனியன் கம்பெனியில் பேட்லாக் தைக்கும் தோழர் ஒருவர் வந்திருந்தார். தம் முறை வந்தபோது, கைப்பேசியிலிருந்து இராசரத்தினம் பிள்ளையின் தோடியை ஒலிக்கவிட்டார். கேட்டு முடிந்ததும், கற்றறிந்த ஒருவர் வினவினார்: "இது என்ன இராகம், தெரியுமா?"

"பேரு தெரியாதுங்க. ஆனா இதைக் கேட்டா எங்க அய்யன் நெனப்பு வருதுங்க" என்றார் அவர்.

"இராகம் தெரியாமல் இராசரத்தினமா!" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. கொடுமையான சிரிப்பன்று, நண்பர் கூட்டத்துச் சிரிப்புத்தான். ஆனால், அவர் கைப்பேசியை எடுத்துப் பையிலே போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அவருடைய அய்யன் யார்? நாதசுரம் வாசித்தவரா? தவில் அடித்தவரா? திருவிழாக் கூட்டத்தில் மகனைத் தோளில் சுமந்து நின்று விடிய விடியக் கேட்டவரா? அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்கப்பட்ட கேள்வியோ வேறு. தோடியின் பெயர் ஆயிரம் நூல்களிலே அச்சாகி இருக்கிறது. அதை யாரும் அன்று புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை. எந்த நூலிலும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அது அவருடன் படியிறங்கிப் போய்விட்டது. அவமதிக்கப்பட்டவர் மட்டும் இழக்கவில்லை. இழந்தவர் அந்தக் கூட்டத்தாருந்தான்.

"அப்படியானால், அறிவு வேண்டாம் என்கிறாயா? இசையும் ஒரு மொழி. மொழி தெரியாதவன் ஓசையைத்தான் கேட்கிறான், பொருளை அன்று. அவன் அடைவதும் மகிழ்ச்சிதான், ஆனால், அது இசை தந்த மகிழ்ச்சி அன்று, அவன் நினைவுகள் தந்த மகிழ்ச்சி" என்று வாதிடுவார் உண்டு. இதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. நேர்மையான வாதம், நேராக நின்று விடை சொல்ல வேண்டிய வாதம்.

நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். முதல் வகுப்புக்கு வருகின்ற குழந்தைக்கு எழுவாய் தெரியாது, பயனிலை தெரியாது, வேற்றுமை உருபு என்றால் விழிக்கும். ஆனால், "அம்மா எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தாள்" என்று உருபு பிசகாமல் சொல்லும்! "அம்மாவை நான் மிட்டாய் வாங்கித் தந்தாள்" என்று மாற்றிச் சொன்னால், கைகொட்டிச் சிரிக்கும். இலக்கணத்தின் பெயர்கள் அதற்குத் தெரியாது, இலக்கணம் தெரியும். அந்தக் குழந்தையைப் பார்த்து, "உருபின் பெயர் சொல்லாதவரையில் நீ பேசுவது தமிழ் அன்று" என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? சொன்னால் அவரை ஆசிரியர் என்று அழைப்போமா?

இசையிலும் இதுவே நடக்கிறது. தாலாட்டுக்கு நீலாம்பரி என்று இசை அறிந்தோர் சொல்வர். அந்தப் பெயரைக் கேட்டறியாத தாய்மார் எத்தனை தலைமுறையாகப் பாடித் தூங்கவைத்திருக்கின்றனர்! அந்தத் தையல்காரத் தோழரிடம் வேறொரு நாதசுரக் கலைஞரின் தோடியைப் போட்டுக் காட்டினால், "இதும் அது மாதிரியே இருக்குதுங்க" என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும் கணத்திலேயே, அவருக்கு இராகம் தெரிந்திருக்கிறது; தெரியாதது பெயர்தான். இனங்காணுதல் முந்தியது, பெயர் பிந்தியது. பெயரை வைத்தவர்களும் முதலில் செவியால் இனங்கண்டு, பிறகே பெயர் வைத்திருக்க வேண்டும். அவ்வாறிருக்க, பெயரை முதலில் கேட்டு, செவியை வாசலிலே நிறுத்துவது எந்த ஊர் அறிவு?

நினைவினால் வந்த மகிழ்ச்சி இசையினால் வந்ததன்று என்கிறார்களே, அதையும் பார்ப்போம். தந்தையின் நினைவை எழுப்ப, அந்தத் தோழருக்கு வேறு ஓசை கிடைக்கவில்லையா? பேருந்து நிலையத்தின் ஓசை அதை எழுப்பவில்லை, எந்திரத்தின் ஓசை எழுப்பவில்லை, தோடி எழுப்பியது. எழுப்பும் ஆற்றல் அந்தச் சுர அடுக்கிலே இருந்தது. ஏற்கும் ஆற்றல் அவர் நெஞ்சிலே இருந்தது. கற்றவர் நெஞ்சிலும் இப்படித்தானே நடக்கிறது? அவர் தம் ஆசிரியரை நினைக்கிறார். இவர் தம் அய்யனை நினைக்கிறார். முன்னதற்குப் பெயர் இரசனை. பின்னதற்குப் பெயர் அறியாமையா?

பழந்தமிழர் இதைத் தெளிவாகவே கண்டிருந்தனர். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது, உணவையும் மரத்தையும் தொழிலையும் சொன்னதோடு நிற்கவில்லை; பறையையும் யாழையும் சேர்த்தார். மலையிலே தேன் எடுப்பவனுக்கும், காட்டிலே ஆடு மேய்ப்பவனுக்கும், கடலிலே வலை வீசுபவனுக்கும் உணவு எப்படி உரியதோ, இசையும் அப்படி உரியது என்ற எண்ணம் அதிலே இருக்கிறது. தொழிலுக்கும் இசைக்கும் நடுவே சுவர் எழுப்பியது பிற்காலம். அது தமிழின் முதல் கணக்கு அன்று.

அறிவு வேண்டும். நிச்சயமாக வேண்டும்! பெயர் தெரிந்தால் ஒப்பிட முடியும். ஒப்பிட்டால் நுட்பம் புலப்படும். நுட்பம் புலப்பட்டால் இன்பம் ஆழமாகும். நல்லதை நல்லது என்றும் பிழையைப் பிழை என்றும் சொல்வதும் வேலி போடுவது ஆகாது. கணக்கிலே தவறிய பிள்ளைக்குத் தவறு என்று குறிக்கிறோம். வகுப்பை விட்டு வெளியே அனுப்புவதில்லை. அறிவு விளக்காக இருக்கட்டும். பூட்டாக வேண்டாம் என்பதே வழக்கு. தெலாஜ் முதலில் கேட்டார், மயங்கினார். அந்த மயக்கம்தான் அவரைப் பாடுபடத் தூண்டியது. விருப்பம் முன்னே நடக்க, அறிவு பின்னே வரும். முன்னே நடப்பதை மிதித்துவிட்டு, பின்னே வருவதை எதிர்பார்ப்பது எப்படி?

இன்னொரு வேலியும் உண்டு. அதைப் பற்றி இசையன்பர்கள் பேசுவதே இல்லை. அது நேரம் என்னும் வேலி. நம் ஊரிலே ஒன்றரை ஷிப்ட் என்பது எல்லோர்க்கும் தெரிந்த சொல். காலையிலே எந்திரத்தின் முன் அமர்ந்தவர் இரவு எட்டு மணிக்கு எழுவார். வீடு திரும்பி, உலை வைத்து, உண்டு, உறங்கி, மறுநாள் மறுபடியும் எந்திரம். அவரைப் பார்த்து, "மூன்று மணி நேரக் கச்சேரியைப் பொறுமையாகக் கேட்கும் பண்பாடு உனக்கு இல்லையே" என்பது, பட்டினி கிடப்பவனைப் பார்த்து விருந்துண்ணும் முறை தெரியவில்லையே என்பது போலாகும். பொறுமை அவரிடம் இருக்கிறது, பொழுதுதான் இல்லை. மூன்று நிமிடத் தட்டை இசையைக் கத்தரித்த தட்டு என்று பழித்தனர் சிலர். தேநீர் இடைவேளையிலே கைமடிக்கும் பெண் ஒருத்தி காதிலே வைத்துக் கேட்கக்கூடிய இசை அந்த மூன்று நிமிடந்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இசையை எல்லோர்க்கும் ஆக்க வேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர், உழைப்பவனுக்கு ஓய்வு நேரம் வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஓய்வைக் கேட்காத இசைத்தொண்டு, அரைத் தொண்டு.

இனி இரண்டாம் கேள்வி. படைத்தவரை எங்கே நிறுத்துகிறோம்?

கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவிலே, தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். பதிவான இசை செருமனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கேதான் தட்டாக அச்சாயிற்று. பாடியவர் யார் என்று அங்குள்ளோர் அறிந்து, சரியாகப் பெயர் ஒட்ட அது உதவியது என்பர். காரணம் எதுவாயினும், அந்தக் குரலிலே ஒரு நிமிர்வு இருக்கிறது. நான் பாடினேன், என் பெயர் இது, மறந்துவிடாதே என்கிற நிமிர்வு. ஊர் தாழ்த்திய குலத்துப் பெண், உலகத்தின் காதிலே தன் பெயரைப் பொறித்த கணம் அது!

நாம் இன்று பதிவுகளைக் கைமாற்றும்போது என்ன செய்கிறோம்? பாட்டு வருகிறது; பாடியவர் பெயர் வருவதில்லை. பாடியவர் பெயர் வந்தால், உடன் வாசித்தவர் பெயர் வருவதில்லை. அவர் பெயரும் வந்தால், கருவி செய்தவரைப் பற்றிய நினைவே வருவதில்லை. மிருதங்கத்துக்குத் தோல் வேண்டும். தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, கருவியைப் பாட வைக்கும் கை வேண்டும். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர் பர்லாந்து என்ற கைவினைஞர். அவரையும் அவர் போன்றோரையும் பற்றி, பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். அதுவரை, மிருதங்கத்தின் நாதத்தை வியந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் அந்தக் கையைப் பற்றி எண்ணினர்? தெலாஜின் பெயரை மேலை இசையுலகம் அறிந்திருந்தது. தாயியின் பெயரையோ ஆய்வாளர் தேடித் துருவி எடுத்த பின்னரே பலரும் அறிந்தனர்.

இதன் வலி திருப்பூருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? நாம் தைக்கும் பனியன் கப்பலேறிக் கடல் கடக்கிறது. கழுத்துப் பட்டியிலே அயல்நாட்டு நிறுவனத்தின் பெயர் மின்னுகிறது. நூல் ஓட்டியவன், சாயம் ஏற்றியவன், வெட்டியவன், தைத்தவள், பிசிறு வெட்டியவள், இவர்களில் ஒருவர் பெயர் அதிலே உண்டா? அணிகின்றவனுக்கு இவர்கள் இருப்பதே தெரியாது. நம் கைக்கு நேர்ந்த இந்த மறைப்பைக் கண்டு மனம் வெதும்புகிற நாமே, இசைத்தவர் பெயரை மறைத்துப் பாட்டைப் பகிர்ந்தால், அதற்கு என்ன பெயர்? தனக்கு நேர்ந்தால் அநீதி, பிறர்க்குச் செய்தால் கவனக்குறைவு என்று பெயர் மாற்றிக்கொள்ள முடியுமா?

பெயரைச் சொல்வதோடு கடமை தீர்ந்துவிடாது. இன்றும் பாடி வாழ்கின்ற கலைஞர் உண்டு. அவர்கள் பதிவை விலை கொடுத்து வாங்கக் கூடியவர் வாங்காமல், ஒருவர் வாங்கியதை ஓராயிரம் பேர் எடுத்துக்கொள்வது, ஈகை அன்று. அவர்கள் இலையிலிருந்து எடுத்துப் பிறர்க்குப் படைக்கும் தருமம்! 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. தாயியின் தட்டுகள் அந்த எல்லையை என்றோ கடந்துவிட்டன. அவற்றை ஊரெங்கும் ஒலிக்கச் செய்யலாம். இப்போது பாடுகின்றவர்க்கு அப்படியன்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்கலான இடமும் இருக்கிறது. ஒலிநாடாக் கருவி வந்த பின், கச்சேரிகளில் கேட்பவர் தாமே பதிவு செய்து பாதுகாத்தனர், நண்பர்க்கும் கொடுத்தனர். பாடியவர் இசைவைப் பல நேரங்களில் அவர்கள் கேட்கவில்லை. ஆனால், அவர்கள் பதியாமல் விட்டிருந்தால், பெருங்கலைஞர் பலரின் சிறந்த கச்சேரிகள் அந்த இரவோடு காற்றில் கரைந்து போயிருக்கும். அவர்களைத் திருடர் என்பதா, காவலர் என்பதா? ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற நான் முயலமாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன்: காத்தவனுக்கு நன்றி உண்டு, ஆனால் உரிமை பாடியவருக்கே. கலைஞர் இருந்தால் அவரைக் கேட்கலாம். இல்லையேல் அவர் குடும்பத்தாரைக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படுகிற செயல், அந்தக் கூச்சத்தாலேயே தன் தகுதியைச் சொல்லிவிடுகிறது. காத்ததைப் பூட்டி வைத்துக்கொண்டு, "இது என்னிடம் மட்டுமே இருக்கிறது" என்று மார்தட்டுபவரோ, காவலர் வரிசையில் சேரமாட்டார்; பழைய பட்டயக்காரரின் பேரப்பிள்ளைகள் வரிசையில் சேர்வார்.

ஆக, இசையைப் பகிர்வது அறமாவது எப்போது? கேட்பவனைத் தாழ்த்தாமலும், படைத்தவரை மறைக்காமலும் பகிரும்போது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், பகிர்வு வெறும் பகட்டு.

இதற்குப் பெரிய இயக்கம் வேண்டியதில்லை, பெரும்பொருள் வேண்டியதில்லை. இசையன்பர் கூடும் இடத்தில், பாட்டைப் போடுமுன் பாடியவர் பெயரைச் சொல்லுங்கள். உடன் வாசித்தவர் பெயரைச் சொல்லுங்கள். தெரிந்தால், எந்த ஆண்டு, எந்த ஊர் என்றும் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும், புதிதாக வந்தவரிடம் "இது என்ன இராகம், தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு இதிலே என்ன கேட்டது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரையில் காத்திருங்கள். அதற்குப் பிறகு, இராகத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒளித்து வைக்காமல், ஓங்கி அடிக்காமல், நண்பனுக்கு நண்பன் வழி சொல்வது போலச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் அதே இராகத்தைத் தாமே இனங்கண்டு சொல்வார். அன்று உங்கள் கூட்டத்தில் ஒரு செவி கூடியிருக்கும்.

பாட்டைக் கேட்கப் பிறப்பு தேவையில்லை என்று நிலைநாட்ட ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பட்டமும் தேவையில்லை என்று நிலைநாட்ட இன்னொரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டுமா? வேண்டாம், தோழர்களே. அந்த வேலி கல்லால் கட்டியதன்று. நம் நாவால் கட்டியது. நாம் நாவை அடக்கிச் செவியைத் திறந்தால், இன்று மாலையே அது விழும்.